“மரத்துக்குக் குளிராதா அம்மா?” – இலையுதிர்கால அனுபவப் பகிர்வு

நாலு வயதுக்காரியின் அம்மா:

போன வாரம் ஒரு காலையில் கதவைத் திறந்ததும் என் மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ராத்திரி முழுக்க அடித்த காற்றில் எதிரே இருக்கும் மேப்பிள் மரத்தின் இலை பாதிக்கு மேல் கொட்டிக் கிடந்தது. முந்தின நாள் வரை கண்ணில் படாத வானம் கிளைகளுக்கு நடுவே தெரிந்தது. “அம்மா, மரத்துக்குக் குளிராதா?” என்றாள். நான் எட்டு மாதத் தம்பியைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து வார் மாட்டிக்கொண்டிருந்தேன். நேரமாகிவிட்டது. “அதெல்லாம் குளிராது கண்ணு, வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மேசைமேல் இருந்த டேப் சுருளைக் காணோம். தேடிக்கொண்டு வெளியே வந்தால் மரத்தடியில் இருக்கிறாள். தாழ்ந்து தொங்கும் ஒரு கிளையை இடது கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, பொறுக்கிய இலைகளை ஒவ்வொன்றாக அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், 11 இலை. டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்து உதடெல்லாம் பிசுபிசுப்பு. விரல் நுனிகள் சில்லிட்டுச் சிவந்திருந்தன. “ஸ்வெட்டர் போட்டு விடறேன்மா” என்றாள். காலையில் நான் சொன்ன பதில் அவளுக்குப் போதவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அடுத்த வருஷம் புது இலை வரும்டா” என்று சொல்லிப் பார்த்தேன். “நாளைக்கா?” என்றாள். நாலு வயதில் அடுத்த வருஷம் என்றால் என்ன புரியும்? அப்புறம் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இலை விழுந்த ஒரு கிளையைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்துக் காட்டினேன். காம்பு இருந்த இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு. அதற்கு நேர் மேலே, அரிசி மணி அளவுக்கு ஒரு மொட்டு. செதில் செதிலாக மூடி, இறுக்கமாக இருந்தது. அது அன்றைக்கு முளைத்தது இல்லை. கோடையிலேயே, இலை பச்சையாக இருக்கும்போதே மரம் அந்த மொட்டைக் கட்டி வைத்துவிடுகிறது. பகல் குறையத் தொடங்கியதும் இலையில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. காம்பின் அடியில் தக்கை மாதிரி ஒரு படலம் வளர்ந்து, இலை விழுந்தால் புண்ணாகாதபடி மூடிவிடுகிறது. காற்றுதான் பிடுங்கிப் போடுகிறது என்று நமக்குத் தோன்றும். மரம் விடத் தயாராகி எத்தனையோ நாள் ஆகியிருக்கும்.

இதில் கால்வாசியைத்தான் அவளிடம் சொன்னேன். கட்டைவிரலால் மொட்டைத் தடவிப் பார்த்தாள். “உள்ள இலை தூங்குதா?” ஆமாம் என்றேன். உண்மையும் அதுதான், குட்டி இலைகள் அதற்குள் மடிந்துதான் இருக்கின்றன. “போர்வை போத்திக்கிட்டா?” என்றாள். அந்தச் செதிலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஒட்டிய இலைகளை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாமாம், ஸ்வெட்டரும் இருக்கட்டுமாம்.

உங்கள் பிள்ளைகள் இந்தப் பருவத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்க ஆசையாக இருக்கிறது.

இரட்டையரின் அப்பா:

அக்கா, இதைப் படித்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டு தேடப் போனேன். எங்கள் பக்கத்தில் நிற்பது ஹார்ஸ் செஸ்ட்நட் மரம். அதன் தழும்பு அச்சு அசலாகக் குதிரை லாடம் மாதிரி இருக்கிறது, ஆணி அடித்த புள்ளிகள் உட்பட. இலைக்குத் தண்ணீர் போய்வந்த குழாய்கள் அறுந்த இடம்தான் அந்தப் புள்ளிகள். மொட்டைத் தொட்டால் கையில் பிசின் ஒட்டுகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த மரத்தின் பளபளக்கும் கொட்டையைப் பொறுக்காத பிள்ளை கிடையாது. பொறுக்கட்டும், வாயில் மட்டும் போகக்கூடாது, அது நஞ்சு. உங்கள் சின்னவன் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கதை ஓக் கொட்டையில் வந்தது. இரண்டு பேருக்கும் 5 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து, ஒரு கிண்ணத்தில் கொட்டி அலமாரியில் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கிண்ணத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிகிறது. மகன் அலறிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிட்டான். எனக்கும் முதலில் துடைத்துக் கொட்டிவிடத்தான் தோன்றியது. மகள்தான் கிட்டப் போய் ஒரு கொட்டையைக் கையில் எடுத்தாள். “அப்பா, இங்க பாருங்க, ஓட்டை!”

ஓட்டில் வட்டமாக ஒரு துளை, துளைப்பான் வைத்துப் போட்டது போல. அதில் ஒரு புழு பாதி வெளியே, பாதி உள்ளே. தலை பழுப்பு, உடம்பு வெண்ணெய் நிறம். துளை அதன் உடம்பைவிடச் சின்னது. அதனால் ஒரு நெளி நெளிந்து, நின்று, மறுபடி ஒரு நெளி. நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஓடினவனும் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டான். கடைசியில் பொத்தென்று என் உள்ளங்கையில் விழுந்தது.

அது ஒரு வகைக் கூன்வண்டின் புழு. கோடையில் தாய் வண்டு பிஞ்சுக் கொட்டையைத் துளைத்து முட்டை இட்டுவிடும். புழு உள்ளே பருப்பைத் தின்று வளரும். கொட்டை தரையில் விழுந்த பிறகு ஓட்டைக் கடித்து வெளியே வந்து, மண்ணுக்குள் இறங்கி அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கும். எங்கள் அலமாரியில் அதற்கு மண் ஏது? ஒரு பாட்டிலில் மண் நிரப்பி எல்லாவற்றையும் விட்டோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகப் புதைந்தன. அன்று சாயங்காலமே அந்தப் பாட்டிலை ஓக் மரத்தடிக்கு எடுத்துப்போய் மண்ணோடு கொட்டிவிட்டு வந்தோம். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தது அலறின என் மகன்தான். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

ஒன்றரை வயதுக்காரியின் அம்மா:

எங்கள் வீட்டுக்கு இந்தப் பருவம் கடிகாரத்தில் வருகிறது. ஐரோப்பாவில் அக்டோபரின் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பரின் முதல் ஞாயிறு, கோடைக்காக முன்னால் தள்ளியிருந்த கடிகாரத்தை மறுபடி ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். பெரியவர்களுக்குக் கூடுதல் தூக்கம். கைக்குழந்தைக்கு யார் போய்ச் சொல்வது? போன வருஷம் 6 மணிக்கு எழுகிறவள் 5 மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் அப்படியே போனது. இருட்டில் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பேன். எங்கள் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் ஆவி படியும். அதில் அவள் உள்ளங்கையை வைத்தாள், ஐந்து விரலும் பதிந்தன. களைப்பில் கண் எரிந்தது, ஆனாலும் அந்தக் கைத்தடம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்த வருஷம் நாலு நாள் முன்பிருந்தே அவள் தூங்கும் நேரத்தை ஒவ்வொரு நாளும் 15 நிமிடம் தாமதமாகத் தள்ளினேன். படுக்கை நேரத்தை மட்டும் தள்ளினால் வேலைக்காகாது. சாப்பாடு, குளியல், பகல் தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ள வேண்டும். சாயங்காலம் விளக்கு நன்றாக எரியட்டும். காலையில் எழும் நேரம் வரை திரையை விலக்க வேண்டாம், விலக்கியதும் நல்ல வெளிச்சத்தில் கொண்டு போய் நிறுத்துங்கள். உடம்பு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் வைத்துக்கொள்கிறது. இந்த முறை 5.40க்கு எழுந்தாள். எனக்கு அதுவே போதும்.

மூன்று வயதுக்காரனின் அப்பா:

மேலே எழுதிய தங்கச்சி சொன்னதுதான், பிள்ளைக்கு வெளிச்சம்தான் கடிகாரம். எனக்கு அது வேறு மாதிரி தெரியவந்தது.

மகனைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து நான்தான் கூட்டிவருவேன். தினமும் அதே நேரம், ஐந்தரை. கோடை முழுக்க நான் போகும்போது வெயில் இருக்கும், அவன் வெளியே விளையாடிக்கொண்டிருப்பான். நவம்பரில் ஒரு நாள் போனால், உள்ளே கோட்டு மாட்டும் கொக்கிக்குக் கீழே செருப்பு வைக்கும் பலகையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கோட்டைப் போட்டுக்கொண்டு, பொத்தான் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் அழுகை வெடித்தது. “இருட்டிடுச்சு. நீங்க வரவே மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

நான் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்த கணக்கில், அப்பா வெளிச்சத்தில் வருகிறவர். செப்டம்பர் 22 அல்லது 23இல் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். அதை ஒட்டித்தான் பகல் மிக வேகமாகக் குறைகிறது. 50 பாகை அட்சரேகைப் பக்கம் நாளுக்குக் கிட்டத்தட்ட 4 நிமிடம் போய்விடும், வாரத்துக்கு அரை மணி நேரம். அதோடு ஒரே ராத்திரியில் கடிகாரம் வேறு சாயங்கால வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிட்டால் மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? எத்தனை நாள் அவன் ஜன்னலைப் பார்த்துப் பார்த்துப் பயந்திருப்பானோ, அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னான். அதை நினைத்தால் இப்போதும் மனசு பிசைகிறது.

மறுநாள் காலையில் போகும் வழியிலேயே சொன்னேன்: “வெளில தெரு விளக்கு எரியும். எரிஞ்ச அப்புறம்தான் அப்பா வருவேன். விளக்கு எரிஞ்சா அப்பா கெளம்பிட்டேன்னு அர்த்தம்.” அன்று போனபோது ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். “விளக்கு வந்துச்சு, நீங்களும் வந்துட்டீங்க!” இப்போது ஆளுக்கொரு டார்ச், அவன் கோட்டில் ஒளி பட்டால் மின்னும் பட்டை. டார்ச் வெளிச்சத்தில் ஈர இலை எல்லாம் மீன் மாதிரி பளபளக்கிறது என்கிறான். வீட்டுக்குப் பத்து நிமிட நடை, அரை மணி நேரம் ஆகிறது. நான் அவசரப்படுத்துவதில்லை.

இரண்டு பேரன்களின் பாட்டி:

எல்லாரும் நல்லதாக எழுதியிருக்கிறீர்கள் கண்ணுங்களா. நான் மகளுக்கு ஒத்தாசையாக வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து ஒரு பேரனுக்குச் சளி விட்டால் இன்னொருவனுக்குப் பிடிக்கிறது. மகள் தன்மேல்தான் தப்பு என்று குமைந்துகொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம் என்று குழந்தை டாக்டர் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. ஆறு மாதம் ஆன குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போடலாம். முதல் வருஷம் இரண்டு தடவை, நாலு வாரம் இடைவெளி விட்டு. ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு இருமலுக்கென்று தேன் நக்கக் கொடுக்கவே கூடாது. நான் என் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன், அப்போது தெரியாது. இலைக் குவியலில் புரண்டுவிட்டு வந்தால் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, காரில் போகும்போது பஞ்சு வைத்த தடிமனான கோட்டோடு பிள்ளையைக் குழந்தை இருக்கையில் கட்டாதீர்கள். மோதினால் பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றிவிட்டு, வாரை உடம்போடு இறுக்கி, மேலே போர்த்திவிடுங்கள்.

பெரிய பேரன் நேற்று ஓர் ஓக் கன்றைக் காட்டி, “இது மட்டும் ஏன் பாட்டி இலையை விடல?” என்றான். இலை காய்ந்து பழுப்பாகி, ஆனால் ஒன்றும் விழாமல் சலசலத்துக்கொண்டிருந்தது. ஓக், பீச் மரங்கள், அதிலும் இளசாக இருப்பவை, வசந்தம் வரைக்கும் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும். “அதுக்கு விட மனசு வரல போல” என்றேன். என் கையை இறுக்கிப் பிடித்தான். அடுத்த மாதம் நான் கிளம்புகிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

நாலு வயதுக்காரியின் அம்மா:

பாட்டி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. அம்மா, கிளம்பும் முன் அந்தக் கன்றில் மொட்டைத் தேடிப் பேரனுக்குக் காட்டிவிட்டுப் போங்கள். காய்ந்த இலைக் காம்பின் கக்கத்திலேயே இருக்கும்.

இங்கே நேற்று மறுபடி கூதல் காற்று. மரம் முழுக்கக் கொட்டிவிட்டது. டேப் போட்ட 11 இலையில் இரண்டுதான் மிச்சம். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இலையைக் கவனிக்கவே இல்லை. தம்பியை மரத்தடிக்குத் தூக்கி வரச் சொன்னாள். கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து மொட்டின் மேல் வைத்தாள். கையில் கிடைத்ததை எல்லாம் பிடித்து இழுக்கும் வயசு அவனுக்கு, விரல்கள் அப்படியே மடங்கத் தொடங்கின. சட்டென்று அவன் கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“இழுக்காத தம்பி, தூங்குது.”