மேல்மாடியில் ‘பெட்டகம்.லோக்கல்’ திறக்கவில்லை: உதவி தேவை

வெள்ளவத்தைவாசி
வணக்கம். எங்களுடையது இரண்டு மாடி வீடு. 1983 கலவரத்தில் தப்பிய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து, கீழ்த்தளத்தில் ஒரு ராஸ்பெரி பை கணினியில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதற்கு ‘பெட்டகம்’ என்று பெயர். கீழே இருந்தால் பெட்டகம்.லோக்கல் என்று அடித்தவுடன் திறக்கிறது. மேலே அம்மாவின் ஐபேடில் அந்தப் பெயர் எடுபடவில்லை; 192.168.1.14 என்ற எண்ணை அடித்தால் மட்டும் திறக்கிறது. மின்சாரம் நின்று வந்தால் சில வேளை அந்த எண்ணும் மாறிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் புது எண்ணை அம்மாவுக்குத் தாளில் எழுதிக் கொடுக்கிறேன். அவருக்கு 78 வயது.

கொட்டாஞ்சேனை அண்ணா
கீழ் றவுட்டரில் அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு (சாதனத்தின் அடையாள எண்) 192.168.1.14ஐ நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். எண் மாறாது.

தெஹிவளை அக்கா
அண்ணா சொன்னதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் பெயர் ஏன் எடுபடவில்லை என்பது அதில் தீராது. எண் போய்ச் சேர்கிறது, பெயர் சேரவில்லை. துப்பு அங்கேதான் இருக்கிறது. மேலே தனி றவுட்டர் உண்டா? ஐபேடின் சொந்த முகவரி என்ன?

வெள்ளவத்தைவாசி
உண்டு அக்கா. மேலே சிக்னல் குறைவு என்று பம்பலப்பிட்டியில் ஒன்று வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்துப் பூட்டினேன். ஐபேட் முகவரி 192.168.0.105.

தெஹிவளை அக்கா
அப்படியானால் உங்கள் வீட்டில் இரண்டு வலையமைப்புகள் இருக்கின்றன: கீழே எண்கள் 192.168.1 என்றும், மேலே 192.168.0 என்றும் தொடங்குகின்றன. ‘.லோக்கல்’ என்று முடியும் பெயரை எந்தச் சேவையகமும் பதிவேட்டில் வைத்திருப்பதில்லை. ஐபேட் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353ஆம் போர்ட்டில், “பெட்டகம் யார்?” என்று எல்லோருக்குமாகக் குரல் கொடுக்கும். பெட்டகமே “நான்தான், என் எண் இது” என்று பதில் சொல்லும். 2013இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இந்த முறையை வரையறுக்கிறது. அந்தக் குரல் றவுட்டரைத் தாண்டாது. வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். எண்ணை நேராக அடித்தால் மேல் றவுட்டர் வழக்கம்போல் கீழே அனுப்பிவிடுகிறது, அதனால்தான் திறக்கிறது.

மேல் றவுட்டரின் அமைப்புகளில் அக்சஸ் பாயிண்ட் (தனி வலையமைப்பு அமைக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறை) என்ற தெரிவு இருந்தால் அதற்கு மாற்றுங்கள், போதும். இல்லாவிட்டால் அதற்கு 192.168.1.2 போன்ற, கீழ் றவுட்டர் வேறு எவருக்கும் வழங்காத எண்ணைக் கொடுத்து, டிஎச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக எண் வழங்கும் வேலையை) நிறுத்தி, கேபிளை வான் (வெளி இணைப்பு) துளையிலிருந்து கழற்றி லான் (வீட்டு இணைப்பு) துளையில் செருகுங்கள். எண்ணை முதலில் மாற்றுங்கள், கேபிள் கடைசியில்.

வெள்ளவத்தைவாசி
அந்தத் தெரிவு இருந்தது. மாற்றியதும் ஐபேட் 192.168.1.23 என்று வந்தது, பெயர் அடித்தவுடன் படங்கள் திறந்தன. அண்ணா சொன்னபடி எண்ணையும் ஒதுக்கிவிட்டேன். உங்கள் இருவருக்கும் மிகுந்த நன்றி. ஒன்று மட்டும்: வீட்டுக்கு வந்திருக்கும் சித்தியின் ஐபோனில் இன்னும் திறக்கவில்லை.

தெஹிவளை அக்கா
சித்திக்கு விருந்தினர் வைஃபை கொடுத்தீர்களா? அது வீட்டுச் சாதனங்களைக் காட்டாமல் பிரித்து வைக்கும்.

வெள்ளவத்தைவாசி
ஆம், அதுதான். வீட்டு வைஃபையில் இணைத்தேன், திறந்துவிட்டது.