முதல் வலைப்பக்கம்: தமிழ் எழுத்து குலைகிறது, படம் வரவில்லை

கேள்வி:
நோட்பேடில் ஹெச்டிஎம்எல் அடித்து இன்டெக்ஸ் என்று சேமித்தேன். முதலில் நோட்பேடிலேயே திறந்தது. பெயரை மாற்றியபின் பிரவுசரில் வருகிறது, ஆனால் தமிழுக்குப் பதில் ஏதோ கிறுக்கல். சர்வரில் ஏற்றினால் படமும் காணோம். என்ன செய்யலாம்?

பதில் 1:
முதல் சிக்கல், விண்டோஸ் மறைத்து வைக்கும் டாட் டிஎக்ஸ்டி வால். சேமிக்கும்போது வகையில் 'எல்லாக் கோப்புகளும்' தேர்ந்தெடுங்கள்.

கிறுக்கலுக்கு: ஹெட் பகுதியின் முதல் வரியாக, டைட்டிலுக்கும் முன்னால், மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 டேக் வையுங்கள். எழுத்துகள் யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் உள்ளன என்று பிரவுசருக்குச் சொல்வது இதுதான். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரவுசர் ஊகிக்கும். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். ஊகம் தவறினால் ஒவ்வொன்றும் மூன்று லத்தீன் குறிகளாகச் சிதறும்.

பதில் 2:
கூடவே ஒன்று. கிறுக்கலாக இல்லாமல் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் டேக் உதவாது. தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய குறியீட்டு முறையில் சேமித்ததால் எழுத்தே அழிந்துவிட்டது; மறுபடி அடிக்கத்தான் வேண்டும். பழைய நோட்பேடில் இந்தத் தொல்லை அதிகம். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8தான் இயல்பு.

பதில் 3:
படத்துக்கு சி டிரைவ் முகவரி கொடுத்திருப்பீர்கள், அது உங்கள் கணினியில் மட்டுமே செல்லும். படத்தைப் பக்கத்தின் ஃபோல்டரிலேயே போட்டு, பெயரை மட்டும் கொடுங்கள். லினக்ஸ் சர்வரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி வைப்பது நல்லது.

பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் மெட்டா டேக்கையும் சேருங்கள், இல்லையென்றால் போனில் எறும்பளவு எழுத்துதான்.