ஜப்பானிலிருந்து அனிமே ப்ளூரே: 12 எபிசோடுக்கு 60,000 யென். எங்கே தப்பு செய்கிறேன்?

மழைக்காகம்:
வணக்கம். ரொம்ப நாள் ஆசைப்பட்ட ஒரு சீசனை முதல்முறையாக ஜப்பானியப் பதிப்பிலேயே வாங்கலாம் என்று இறங்கினேன். 12 எபிசோட், 6 வால்யூம், மாதம் ஒன்றாக வெளிவருகிறது. ஒரு வால்யூம் 7,700 யென். ஆறையும் ப்ரீ-ஆர்டர் போட்டுவிட்டேன். இரண்டு கைக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு பார்சலுக்கும் ஷிப்பிங் 2,400 யென். அதற்கு மேல் கஸ்டம்ஸ் வரி. அந்த வரியை எனக்காகக் கட்டினார்களாம், அதற்கு கூரியர்காரர் தனியாக ஒரு கட்டணம் வேறு. பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டே இரண்டு எபிசோட். சப்டைட்டிலும் கிடையாது.

ஏன் இவ்வளவு விலை? மீதி நாலு வால்யூமுக்காவது செலவைக் குறைக்க வழி உண்டா? ஆர்டரை ரத்து செய்ய மனசில்லை.

கணக்குப்பிள்ளை:
முதலில் கூட்டிப் பார்ப்போம். 7,700 × 6 = 46,200. ஷிப்பிங் 2,400 × 6 = 14,400. மொத்தம் 60,600 யென், அதாவது எபிசோடுக்கு 5,050. கஸ்டம்ஸை இன்னும் சேர்க்கவே இல்லை.

இதில் உங்கள் கையில் இருப்பது இரண்டு இடம். ஒன்று, 7,700 என்பது 10% நுகர்வு வரி சேர்ந்த விலை மாதிரி தெரிகிறது (7,000 + 700). ஜப்பானில் 2019 அக்டோபரிலிருந்து அந்த வரி 10%. ஏற்றுமதியாகும் பொருளுக்கு அது கிடையாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் கடைகள் பல தானாகவே கழித்துவிடும், சில கழிக்காது. பில்லை எடுத்துப் பாருங்கள். கழிக்கவில்லை என்றால் கேளுங்கள். நாலு வால்யூமுக்கு 2,800 யென்.

இரண்டாவது, ஆறு பார்சல் எதற்கு? நாலையும் கடையிலேயே வைத்திருந்து கடைசி வால்யூம் வந்ததும் ஒரே பார்சலாக அனுப்பச் சொல்லலாம். அஞ்சல் கட்டணத்தில் முதல் 500 கிராம்தான் விலை கூடியது. அதற்கு மேல் ஏற ஏற கிராமுக்கு ஆகும் செலவு இறங்கும். நாலு ப்ளூரே பெட்டி ஒரு கிலோவைச் சுற்றித்தான் வரும். கூரியர் கட்டணமும் நாலு தடவைக்குப் பதில் ஒரே தடவை.

ஒரு எச்சரிக்கை. குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே வரும் பார்சலுக்கு வரி இல்லாத நாட்டில் நீங்கள் இருந்தால், சேர்த்து அனுப்பும்போது அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். உங்களுக்கு ஏற்கெனவே ஒற்றை வால்யூமுக்கே வரி போட்டிருக்கிறார்கள், அதனால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. இன்னொன்று, பல நாடுகளில் பொருளின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை, ஷிப்பிங்கையும் கூட்டித்தான் வரி. ஷிப்பிங் குறைந்தால் வரியும் சேர்ந்து குறையும்.

நிலாமுயல்:
கடைக்காரரிடம் "அன்பளிப்பு" என்று எழுதி, மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்லலாமே?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம் சகோ. அது பொய் அறிவிப்பு. பிடிபட்டால் பார்சல் அங்கேயே நிற்கும். பிடிபடாமல் வழியில் தொலைந்தாலும், எழுதிய மதிப்புக்குத்தான் இழப்பீடு கிடைக்கும். பெரிய கடைகள் இதற்குச் சம்மதிக்கவும் மாட்டார்கள்.

பழையநாடா:
ஷிப்பிங் கணக்கெல்லாம் சரி. ஆனால் "ஏன் இந்த விலை" என்றுதானே முதலில் கேட்டார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த 7,000 யென் டிஸ்க்கின் விலை இல்லை நண்பரே. நள்ளிரவு அனிமே எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பதிப்பகம், இசை நிறுவனம், டிஸ்க் வெளியிடும் நிறுவனம், பொம்மை நிறுவனம் என்று பலர் பணம் போட்டு ஒரு தயாரிப்புக் குழு அமைப்பார்கள். டிவி நிலையம் அவர்களுக்குப் பணம் கொடுத்து நிகழ்ச்சியை வாங்குவதில்லை. நள்ளிரவு நேரத்தை இவர்கள்தான் காசு கொடுத்து வாங்கி ஒளிபரப்புவார்கள். ஆக, டிவியில் ஓடுவது ஒரு நீண்ட விளம்பரம், அவ்வளவுதான். போட்ட பணத்தை டிஸ்க் விற்று எடுக்க வேண்டும் என்பதுதான் பல வருடம் இருந்த கணக்கு. வாங்கப் போவதோ சில ஆயிரம் பேர். சில ஆயிரம் பேரிடம் ஒரு சீசனின் செலவை வசூலிக்க வேண்டுமானால் விலை எங்கே போய் நிற்கும்?

அந்தச் சில ஆயிரம் பேருக்காகத்தான் பெட்டிக்குள் கையேடு, பாட்டு சிடி, குரல் நடிகர்கள் வரும் நிகழ்ச்சிக்கு முன்னுரிமையாக டிக்கெட் கேட்க ஒரு சீட்டு எல்லாம் வைக்கிறார்கள். உங்கள் முதல் வால்யூமைக் குலுக்கிப் பாருங்கள், அந்தச் சீட்டு விழலாம். டோக்கியோவுக்கு வெளியே இருப்பவருக்கு அது வெறும் புத்தகக்குறி, அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். ஜப்பானிய டிஸ்க் உங்களையோ என்னையோ மனதில் வைத்து விலை போட்ட பொருளே இல்லை. வேறு யாருக்கோ வைத்த பந்தியில் நாமாகப் போய் உட்கார்ந்துகொண்டு சாப்பாடு விலை கூட என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வட்டுப்பெட்டி:
பழையநாடா சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். ஆனால் அந்தக் கணக்கு இப்போது அப்படியே இல்லை. ஸ்ட்ரீமிங்கும் வெளிநாட்டு உரிமமும் பெரிய வருமானமாகிவிட்டன. 2023இல் ஜப்பான் அனிமேவின் மொத்தச் சந்தை 3.3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது, அதில் வெளிநாட்டுப் பங்கு உள்நாட்டுப் பங்கைவிடக் கூட. பணம் வெளியிலிருந்து வரும்போது டிஸ்க் விலை ஏன் இன்னும் இறங்கவில்லை?

பழையநாடா:
டிஸ்க்கை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை என்று ஆனபிறகு, அதை மலிவாக்கிப் பரவலாக விற்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. ரசிகர் பார்ப்பது ஸ்ட்ரீமிங்கில். டிஸ்க் அலமாரியில் வைக்கும் நினைவுப்பொருள். நினைவுப்பொருளை யாரும் விலை குறைத்து விற்பதில்லை. விற்கும் பிரதி குறையக் குறைய ஒரு பிரதிக்கு ஆகும் செலவு ஏறும், அது வேறு.

வட்டுப்பெட்டி:
சரி, அது நியாயம். அப்போது மழைக்காகத்துக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்த முறை பொறுத்திருங்கள். பல தொடர்கள் சில வருடம் கழித்து ஒரே பாக்ஸாக, ஜப்பானில் 'ரென்காபான்' என்று சொல்கிற மலிவுப் பதிப்பாக வரும். கையேடு இருக்காது, சீட்டு இருக்காது, படம் அதே படம்.

இன்னும் நல்லது பழைய சரக்கு. டிக்கெட் சீட்டுக்காக வாங்கியவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் டிஸ்க்கைத் தள்ளிவிடுவார்கள். சுருகயா, மந்தராகே மாதிரிக் கடைகளில் முழுத் தொகுப்பும் புது விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஜப்பானியர்கள் "பழையது, லேசான கீறல்" என்று எழுதியிருந்தால் நம் கண்ணுக்குப் புதிதாகவே தெரியும். சுற்றியிருக்கும் காகிதப் பட்டை கிழிந்ததற்கே விலை குறைப்பார்கள். என்னிடம் இருக்கும் ஒரு பெட்டியில் எந்தக் குறையும் கண்ணில் படாமல், பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன்.

நிலாமுயல்:
இடையில் ஒரு சின்னச் சந்தேகம். நான் வாங்கிய ஜப்பானிய டிவிடி என் பிளேயரில் ஓடவே இல்லை. டிஸ்க் பழுதா?

வட்டுப்பெட்டி:
பழுதாக இருக்காது, ரீஜன் கோடாக இருக்கும், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று டிஸ்க்கில் போடும் பூட்டு. டிவிடியில் ஜப்பான் 2, ஐரோப்பாவும் 2, அமெரிக்கா 1, இந்தியா 5. ப்ளூரேயில் கணக்கு வேறு: ஜப்பானும் அமெரிக்காவும் ஏ, ஐரோப்பா பி, இந்தியாவும் சீனாவும் சி. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது. பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன உலக உருண்டைக்குள் எண் இருக்கும், பாருங்கள்.

இதிலேயே விலைக்கான இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கிறது. ப்ளூரேயில் ஜப்பானும் அமெரிக்காவும் ஒரே ரீஜனுக்குள் வந்ததும், ஜப்பானிய ரசிகர் அமெரிக்கப் பதிப்பை மலிவாக வரவழைத்துவிடுவாரோ என்ற பயம் வந்தது. சில அமெரிக்க டிஸ்க்கில் ஜப்பானிய ஒலியைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கில சப்டைட்டிலை அணைக்கவே முடியாது. அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே போட்ட பூட்டு. சில தொடர்களுக்கு வெளிநாட்டு விலையையே ஜப்பான் விலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

மழைக்காகம்:
அப்படியென்றால் உரிமம் வாங்கி வெளியிடும் ஆங்கிலப் பதிப்பு மலிவா? அதிலும் டப்பிங், மொழிபெயர்ப்பு என்று செலவு இருக்குமே?

வட்டுப்பெட்டி:
இருக்கும். உரிமத்துக்குக் குறைந்தபட்சத் தொகை முன்கூட்டியே, மொழிபெயர்ப்பு, டப்பிங், டிஸ்க் தயாரிப்பு, சில நேரம் தொடக்கப் பாட்டுக்குத் தனி உரிமை. இருந்தும் 12 எபிசோடும் ஒரே பெட்டியில், பெரும்பாலும் ஜப்பானிய வால்யூம் இரண்டின் விலைக்குள் வந்துவிடும். தயாரிப்புச் செலவை அந்த டிஸ்க் சுமக்க வேண்டியதில்லை, அதுதான் வித்தியாசம். முதல் வெளியீட்டில் வாங்காமல் மறுபதிப்புக்குக் காத்திருந்தால் இன்னும் இறங்கும்.

கணக்குப்பிள்ளை:
நாணய மாற்றையும் மறக்காதீர்கள். 2011 அக்டோபரில் ஒரு டாலருக்கு 75 யென்தான். 7,000 யென் டிஸ்க் 93 டாலர். 2024 ஜூலையில் டாலருக்கு 161 யென் வரை போனது, அதே டிஸ்க் 43 டாலர். ஜப்பானில் யாரும் ஒரு யென்கூட விலையைக் குறைக்கவில்லை, வெளியே இருப்பவருக்குப் பாதியாகிவிட்டது.

நிலாமுயல்:
எல்லா நாட்டுக்கும் ஒரே டிஸ்க், எல்லா சப்டைட்டிலும் அதிலேயே என்று போட்டால் பிரதி எண்ணிக்கை கூடி விலை குறையாதா?

பழையநாடா:
முயன்று பார்த்தார்கள். 2010இல் தொடங்கிய 'கண்டம் யூனிகார்ன்' (Gundam Unicorn) என்ற ரோபோ அனிமே தொடரை ஆங்கில டப்பிங், பல மொழி சப்டைட்டில் எல்லாம் சேர்த்து ஒரே நேரத்தில் வெளிநாட்டிலும் விட்டார்கள். காத்திருப்பு குறைந்தது. விலை மட்டும் ஜப்பான் விலைக்குப் பக்கத்திலேயே நின்றது. ஒரே டிஸ்க் என்றால் ஒரே விலை, அந்த விலையை முடிவு செய்வது டோக்கியோ. எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. அந்தந்த ஊர் வெளியீட்டாளர், அந்தந்த ஊர் அச்சு, அதுதான் விலையை இறக்கும்.

மழைக்காகம்:
எல்லோருக்கும் நன்றி. பில்லைப் பார்த்தேன், வரி கழிக்கவே இல்லை. கடைக்கு எழுதினேன். மீதி நாலுக்கும் கழிப்பதாகவும், கடைசி வால்யூம் வந்ததும் சேர்த்து அனுப்புவதாகவும் பதில் வந்தது. முதல் இரண்டுக்கும் கழித்துத் தர முடியாதாம், போகட்டும்.

ஒரு கேள்வி மட்டும். ஆறையும் வாங்கியவர்களுக்கு, எல்லா வால்யூமையும் வைக்க ஒரு காலி அட்டைப்பெட்டி இலவசமாம். அது நசுங்காமல் இருக்கப் பெரிய பெட்டியில் வைத்து கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?

கணக்குப்பிள்ளை:
ஐயோ, இருங்கள். கூரியர் பல எடையை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் பார்க்கும். நீளம் × அகலம் × உயரத்தை 5,000ஆல் வகுப்பார்கள். 30 × 25 × 20 செ.மீ. பெட்டி என்றால் 3 கிலோ, உள்ளே ஒரு கிலோதான் இருந்தாலும். அஞ்சல் துறையின் விரைவு அஞ்சலான இஎம்எஸ் உண்மையான எடைக்குத்தான் கட்டணம் போடும், அதில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அப்புறம், அந்த நாலு வால்யூமையும் காலிப் பெட்டிக்கு உள்ளேயே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். காற்றை அனுப்பக் காசு கொடுக்காதீர்கள்.