‘டு’வுக்குப் பின் ‘ஹியர்’ வருமா, ‘ஹியரிங்’ வருமா?

தங்கச்சிமடம் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் அலுவலகப் பணிக்காக ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதியிருக்கிறேன். இறுதி வரியாக ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த என் தோழி ‘ஹியர்’ என்பதை அடித்துவிட்டு ‘ஹியரிங்’ என்று திருத்தினாள். காரணம் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘டு’ வந்தால் அடுத்து வினையின் முதல் வடிவம்தான் வரும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். கடலுக்குப் போகும் அப்பாவுடன் சிறு வயது முதலே விடியுமுன் எழுந்து பழகியவள் என்பதால் ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட் அப் எர்லி’ என்றும் எழுதியிருந்தேன். அதையும் ‘கெட்டிங் அப்’ என்று மாற்றிவிட்டாள். ஆனால் இலக்கணப் புத்தகத்தில் ‘யூஸ்டு டு கெட் அப்’ என்ற தொடரையும் பார்த்திருக்கிறேன். எது சரி என்று விளக்க வேண்டுகிறேன்.

கீழக்கரை அண்ணன்:
தங்கை, தோழியின் இரண்டு திருத்தங்களும் சரியானவை. நான் கடைப்பிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. வினைச்சொல் இருக்கும் இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’ என்பது பொருந்துகிறது. ஆகவே அங்கே ‘ஹியரிங்’. ‘ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை’ என்பது பொருந்தவில்லை; ஆகவே அங்கே ‘ஹியர்’.

மண்டபம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி சொன்ன சோதனை நல்லது. அது ஏன் பலிக்கிறது என்பதை நம் இலக்கணத்தைக் கொண்டே விளக்கலாம். ஆங்கிலத்தின் பிரிப்போசிஷன் பெரும்பாலும் நம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. நாம் சொல்லின் பின்னே ஒட்டுவதை அவர்கள் முன்னே தனியாக நிறுத்துகிறார்கள். உருபை ஏற்பது பெயர்தான். ‘போக விரும்புகிறேன்’ என்பதிலுள்ள ‘போக’ வினையெச்சம். அதனோடு ‘கு’ உருபைச் சேர்க்க முடியாது. உருபு வேண்டுமென்றால் ‘போவது’ என்று தொழிற்பெயராக்கிய பிறகே ‘போவதற்கு’ என்கிறோம். அவ்வாறே பிரிப்போசிஷனுக்குப் பின் வரும் வினை ‘இங்’ ஏற்று ஜெரண்ட் ஆகிறது. ‘வான்ட் டு’ என்பதில் வரும் ‘டு’ வினையெச்சத்தின் அடையாளம். ‘லுக் ஃபார்வர்டு டு’ என்பதில் வரும் ‘டு’ உருபு. எழுத்து ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

‘யூஸ்டு டு’ என்பதிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. 1964 டிசம்பர் புயலுக்கு முன் ரயில் தனுஷ்கோடி வரை போய்க்கொண்டிருந்தது; இன்று போவதில்லை. அதை ‘தி ட்ரெயின் யூஸ்டு டு கோ டு தனுஷ்கோடி’ என்று சொல்ல வேண்டும். ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ எதுவும் முன்னால் இல்லை. பொருள் கடந்தகால வழக்கம். ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் எர்லி’ என்பதிலோ ‘யூஸ்டு’ என்பது ‘பழகிய’ என்ற பெயரடை. எழுவதற்குப் பழகியவள் என்பது பொருள்.

தங்கச்சிமடம் மாணவி:
மிக்க நன்றி ஐயா. ‘எழுவதற்கு’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. அப்படியானால் இடையில் நிற்கும் ‘ஃபார்வர்டு’ எதற்கு? ‘ஐ ஆம் குட் அட் கீப்பிங் கேர்ஃபுல்லி அக்கவுண்ட்ஸ்’ என்ற வரியும் கடிதத்தில் இருக்கிறது; ‘அட்’ என்பதற்குப் பின் ‘கீப்பிங்’ என்று எழுதியிருப்பதால் அது சரிதானே?

மண்டபம் ஆசிரியர்:
‘ஃபார்வர்டு’ ஓர் அட்வெர்ப். ‘லுக்’ என்ற வினையோடு சேர்ந்து ‘எதிர்நோக்கு’ என்ற ஒரே பொருளைத் தருகிறது. ‘புட் ஆஃப்’, ‘கிவ் அப்’ போன்றவற்றில் உள்ள பின்சொல்லும் அட்வெர்ப்தான். ‘கிவ் இட் அப்’ என்று நடுவில் ‘இட்’ நுழைய இடம் கொடுப்பதே அதற்கு அடையாளம். அவற்றுக்குப் பின்னும் ஜெரண்டே வரும்: காற்று பலமாக இருந்ததால் ‘தே புட் ஆஃப் கோயிங் டு சீ’.

‘கோ ஆன்’ என்பதில் மட்டும் சற்று நிதானம் தேவை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது வலையைச் சீர்செய்யும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். ‘ஹீ வென்ட் ஆன் மெண்டிங் தி நெட்’ என்றால் செய்துகொண்டிருந்த வேலையையே தொடர்ந்தார். ‘ஹீ வென்ட் ஆன் டு மெண்ட் தி நெட்’ என்றால் எஞ்சின் வேலையை முடித்துவிட்டு அடுத்ததாக வலைக்கு வந்தார். இங்கே தம்பியின் சோதனை கைகொடுக்காது. பொருளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

‘கீப்பிங்’ சரி, ‘கேர்ஃபுல்லி’ நிற்கும் இடம் தவறு. ஜெரண்ட், வெளியே பெயர் போல் நடந்தாலும், உள்ளே வினையாகவே இருப்பதால் அட்வெர்ப்பை ஏற்கும். ‘கவனமாக எழுதுவது’ என்று நாமும் சொல்கிறோமே. ஆனால் ‘கணக்கைக் கவனமாக எழுதுவதில்’ என்ற தமிழ் வரிசையை நீங்கள் கடைசியிலிருந்து திருப்பி அடுக்கிவிட்டீர்கள். ஆங்கிலத்தில் வினையையும் அதன் செயப்படுபொருளையும் பொதுவாகப் பிரிக்கலாகாது. ‘கீப்பிங் அக்கவுண்ட்ஸ் கேர்ஃபுல்லி’ என்று மாற்றுங்கள்.

கீழக்கரை அண்ணன்:
தங்கை, அனுப்புவதற்கு முன் இன்னொன்று. அலுவலகக் கடிதமாகையால் ‘ஐ ஆம் லுக்கிங்’ என்பதைவிட ‘ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்பது முறையாக இருக்கும்.