விட்ட இடத்திலிருந்து பதிவிறக்குவதற்கு ஒரு சொல்: ‘மிச்ச இறக்கம்’ சரிப்படுமா?

எல்லோருக்கும் வணக்கம்.

கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கொடுக்கக் கற்றுத்தரும் கட்டளை வரிக் கையேட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்த ஒரு சொல்லை முடிவு செய்தாக வேண்டும். வியாசர்பாடியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலருடைய வீட்டில் வைஃபை கிடையாது. அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் லேப்டாப்புக்கு நெட். உபுண்டு 24.04 இயங்குதளத்தின் நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கும் மேலே. நாளுக்கு 1.5 ஜிபி பேக்கில் அதை இறக்க நான்கு நாள் பிடிக்கும், நடுவில் அப்பா போனை எடுத்துக்கொண்டு வேலைக்கும் போய்விடுவார். அதனால் விட்ட இடத்திலிருந்து கோப்பை இறக்கச் சொல்லும் ‘டபிள்யூகெட் -சி’ கட்டளை இவர்களுக்கு முதல் வாரமே வேண்டிய பாடம்.

போன வாரம் ஒரு மாணவியின் கோப்புறையைப் பார்த்தேன். ஒரே கோப்பு, பெயரின் கடைசியில் புள்ளி 1, புள்ளி 2 என்று வால் முளைத்து மூன்று தடவை கிடந்தது. மூன்றும் அரைகுறை. ‘-சி’ போடாமல் மறுபடி ஓட்டினால் டபிள்யூகெட் பழைய கோப்பைத் தொடாது. புதுப் பெயரில் சுழியத்திலிருந்து ஆரம்பிக்கும். ‘-சி’ விட்டுப்போனது தவிர, அந்தப் பெண் கட்டளையைச் சரியாகத்தான் அடித்திருந்தாள். அந்த ஓர் எழுத்து என்ன செய்கிறது என்பதை மனத்தில் நிறுத்த அவளுக்கு ஒரு தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. நான் ‘ரெஸ்யூம்’ என்றால், வேலைக்குக் கொடுக்கும் பயோடேட்டாவா என்று கேட்கிறார்கள்.

இதுவரை வந்த பரிந்துரைகள் பற்றி என் கருத்து.

> மீள்பதிவிறக்கம்

வேண்டாம் என்பேன். மீள்பதிப்பு, மீள்தேர்வு என்றால் முதலிலிருந்து மறுபடி செய்வது. இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். புள்ளி 1, புள்ளி 2 என்று வந்ததே, அதற்குத்தான் இந்தப் பெயர் பொருந்தும்.

> தொடர் பதிவிறக்கம்

தொடர் மழை, தொடர் வேலைநிறுத்தம் என்றால் விடாமல் நடப்பது. முகவரிகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, ‘-ஐ’ போட்டு ஒன்றன்பின் ஒன்றாக இறக்கச் சொல்கிறோமே, அதற்கு இந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

> எச்ச இறக்கம்

எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. பெயரெச்சம், வினையெச்சம் என்று முற்றுப்பெறாமல் அடுத்த சொல்லுக்காகக் காத்து நிற்கிற வடிவத்துக்கு இலக்கணம் வைத்த பெயர் அது. அறுந்துபோன கோப்பும் அப்படித்தான் நிற்கிறது. ஆனால் வகுப்பில் சொன்னதும் பின்வரிசையில் காக்கா என்று சிரிப்பு கிளம்பிவிட்டது. இந்தப் பக்கம் எச்சம் என்றால் முதலில் சட்டையைத்தான் பார்ப்பார்கள். அந்தச் சிரிப்போடு ஒரு சொல்லை வாழவைப்பது கஷ்டம்.

நான் முன்வைப்பது ‘மிச்ச இறக்கம்’. பிள்ளைகளில் சிலரின் அப்பாக்கள் துறைமுகத்திலும் மணலிப் பக்கம் கிடங்குகளிலும் லோடு இறக்குகிறவர்கள். “மிச்சத்தைக் காலையில இறக்கிக்கலாம்” என்பது அவர்கள் வீட்டில் அன்றாடம் காதில் விழுகிற பேச்சு. கணினியில் நடப்பதும் அதுவேதான். கோப்பில் எத்தனை பைட் வந்திருக்கிறது என்று டபிள்யூகெட் வட்டில் பார்க்கிறது. அதற்கு அடுத்த பைட்டிலிருந்து கொடு என்று வழங்கியிடம், அதாவது கோப்பு இருக்கும் சர்வரிடம், கேட்கிறது. வழங்கிக்கு அது தெரியுமானால் வழக்கமான 200க்குப் பதில் 206 என்று பதில் எண் போட்டு, மிச்சத்தை மட்டும் அனுப்புகிறது. இணையப் பக்கங்களை அனுப்பும் முறையான எச்டிடிபிக்கு 1997இல் வந்த 1.1 விதிகளிலேயே இது உண்டு. கோப்புகளை அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியில் அதற்கும் முன்பே, 1985 விதிகளில், விட்ட இடத்தைக் குறிப்பிடத் தனிக் கட்டளை இருந்தது. இத்தனை காலமாக இருக்கிற வசதிக்குத் தமிழில் இன்னும் பெயர் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

மிச்சம் கொச்சை என்று சிலர் நினைக்கலாம். 85ஆவது குறளில் ‘மிச்சில்’ இருக்கிறது. விருந்தினருக்குக் கொடுத்தது போக மீந்தது என்றே பொருள். அந்தச் சொல்லின் உறவுதான் நம் மிச்சமும்.

அப்புறம், சொல் பொத்தானிலும் பிழைச்செய்தியிலும் உட்கார வேண்டும். ‘மிச்சத்தை இறக்கு’. ‘இந்த வழங்கியில் மிச்ச இறக்கம் இயலாது’. டபிள்யூகெட் போன்ற இன்னொரு கட்டளையான கர்ல் 33ஆம் எண் பிழையில் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். எனக்கு எங்கும் இடறவில்லை.

வியாசர்பாடியிலிருந்து

---

தம்பிக்கு வணக்கம்.

சொல் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மூன்று கேள்வி.

ஒன்று, ‘பதிவு’ எங்கே போயிற்று? வெறும் ‘இறக்கம்’ என்றால் சரிவு, விலை இறக்கம் எல்லாம் அதற்குள் வரும். அகராதியில் தனியாக நிற்கும்போது கணினிச் சொல் என்று தெரிய வேண்டாமா?

இரண்டு, மிச்சம் பிடிப்பது என்றால் காசைச் சேமிப்பது. டேட்டாவை மிச்சம் பிடிக்கும் வழி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

மூன்று, எனக்கு இதுதான் முக்கியம். நெட் நடுவில் போய்த் திரும்பினால் டபிள்யூகெட் ‘-சி’ இல்லாமலே தானாக மறுபடி பிடித்துக்கொள்கிறது. அதற்கும் இதே பெயர்தானா?

தண்டையார்பேட்டையிலிருந்து

---

அண்ணா, வணக்கம்.

முதல் கேள்வியை அப்படியே ஏற்கிறேன். அகராதியில் ‘மிச்சப் பதிவிறக்கம்’ என்று முழு வடிவம் இருக்கட்டும். பொத்தானிலும் வகுப்பிலும் ‘மிச்ச இறக்கம்’ போதும்.

டேட்டாவை மிச்சம் பிடிப்பது என்று நினைத்தாலும் கெடுதல் இல்லை. வந்ததையே மறுபடி இறக்காததால் டேட்டா மிச்சமாவது உண்மைதானே.

மூன்றாவதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். ஒரே ஓட்டத்துக்குள் இணைப்பு அறுந்தால் டபிள்யூகெட் தானாக முயன்று பார்க்கும், மாற்றிச் சொல்லாவிட்டால் 20 தடவை வரை. இதை ‘மறுமுயற்சி’ என்போம். கட்டளையே நின்றுபோய், அடுத்த நாள் உட்கார்ந்து நாமே ‘-சி’ போட்டு ஓட்டுவதுதான் மிச்ச இறக்கம். இந்த வேறுபாட்டைக் கையேட்டில் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. பாதியில் நிற்கிற கோப்புக்கு ‘குறைக்கோப்பு’ என்று வைக்கலாமா? அதில் இருப்பது சரியான முதல் பாதிதானா என்று டபிள்யூகெட்டுக்குத் தெரியாது, நீளத்தை மட்டும்தான் பார்க்கும். நடுவில் வழங்கியில் கோப்பை மாற்றியிருந்தால் பழைய தலையில் புது உடம்பை ஒட்டிக்கொடுத்துவிடும். நான்கு நாள் டேட்டா செலவழித்து இறக்கிய பிள்ளைக்கு அது பெரிய இழப்பு. அதனால் இறக்கி முடித்ததும், கோப்பின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் ‘ஷா256சம்’ கட்டளையை ஓட்டி, உபுண்டு தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பென்டிரைவில் ஏற்ற வேண்டும் என்று தடித்த எழுத்தில் போடுகிறேன்.

குறைக்கோப்பு, மறுமுயற்சி, மிச்சப் பதிவிறக்கம் மூன்றும் கையேட்டின் நான்காம் பக்கத்தில் வருகின்றன. மறுப்பு உள்ளவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிறு காலை அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவேன்.

வியாசர்பாடியிலிருந்து