35 வாட் ஃபாக் லைட்டில் 55 வாட் பல்பு போடலாமா? விளக்கின் கூடு கெடாமல் வெளிச்சம் கூட்ட வழி வேண்டும்

பாவூர்சத்திரம் வண்டிக்காரன்:
வணக்கம். சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் போய்வரும் சிறிய சரக்கு வண்டி என்னுடையது. சாரல் பிடித்துவிட்டால் புளியரைக்கு மேலே மேகம் சாலையிலேயே இறங்கி நிற்கிறது. ஹெட்லைட்டைத் தூக்கிப் போட்டால் கண் கூசுகிறதே தவிர பாதை தெரிவதில்லை. மூடுபனிக்கென்று உள்ள ஃபாக் லைட்டோ ஓரத்து வெள்ளைக் கோட்டைக்கூடச் சரியாகக் காட்டவில்லை.

அதன் பல்பின் அடியில் எச்8 (பல்பின் வகை), 12 வோல்ட், 35 வாட் என்று இருக்கிறது. கடையில் 55 வாட் எச்11 போடச் சொல்கிறார்கள். சந்தையில் என் பக்கத்தில் நிற்கும் வண்டியில் அப்படித்தான் போட்டார்கள். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிட்டது. பல்பு மாட்டும் வளையம் பழுப்பேறி, விரலால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்குகிறது. அதைப் பார்த்த பிறகு பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா? மஞ்சள் பல்பு உதவுமா?

தென்காசி எலக்ட்ரீஷியன்:
அண்ணாச்சி, 55 வாட் வேண்டவே வேண்டாம். எச்8, எச்11 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது போகக்கூடாது என்றுதான் அடிப்பாகத்து நாக்குகளை மாற்றி வைத்திருக்கிறார்கள். அதை அரத்தால் தேய்த்துத் திணிக்கிறார்கள். வெளிச்சம் 800 லூமெனிலிருந்து (லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு) 1350 ஆகும், மெய்தான். ஆனால் 35 வாட்டுக்குச் செய்த கூட்டுக்குள் இன்னும் 20 வாட் ஏறுகிறது. ஹாலஜனில் அதில் பெரும்பங்கு வெப்பம்தான். ஹாலஜன் பல்பின் கண்ணாடி 250 டிகிரிக்கு மேல் சுட்டால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். லென்ஸ் செய்யும் பாலிகார்பனேட் 147 டிகிரி வாக்கில் இளகிவிடும். இடையில் உள்ள காற்றுதான் காப்பு. சாரல் காலத்தில் லென்ஸ் மேல் சேறு அப்பிக் காய்ந்தால் வெப்பம் வெளியேறும் வழியும் அடைபடும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஃபாக் லைட்டையும் எரியவிட்டு, பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். அப்படியே பல்பு சாக்கெட்டிலும் பாருங்கள். இரண்டையும் இங்கே எழுதுங்கள்.

மணிமுத்தாறு:
மாஞ்சோலைப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவன் நான். எல்.இ.டி. பல்பு போட்டால் சூடே இருக்காதே? அதைச் சொல்லலாமே.

தென்காசி எலக்ட்ரீஷியன்:
சூடு உண்டு தம்பி, இடம்தான் மாறுகிறது. எல்.இ.டி.யில் வெளிச்சத்தோடு வெப்பம் முன்னால் வராது, லென்ஸ் பிழைக்கும். ஆனால் சூடெல்லாம் பின்பக்க உலோகத் துடுப்புகளுக்குப் போகும். பின்னால் காற்றோட்டம் இல்லாமல் ரப்பர் மூடி போட்டு அடைத்தாலும், குட்டி விசிறியில் சேறு ஏறினாலும் அது தன் சூட்டிலேயே மங்கிச் செத்துவிடும். பழைய பல்பின் இழை இருந்த அதே புள்ளியில் எல்.இ.டி. சில்லு உட்காராவிட்டால் ஒளி மேலே சிதறும். மூடுபனியில் அதைவிடக் கெடுதல் இல்லை. எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் பல்பை மட்டும் மாற்றாமல், அதற்கென்றே செய்த முழு விளக்கையும் கூட்டோடு மாற்றுங்கள். எச்.ஐ.டி. (இழை இல்லாமல் வாயுவுக்குள் மின்வில் எரியும் பல்பு) பக்கம் போகவே வேண்டாம்.

பாளையங்கோட்டை வாசகர்:
மஞ்சள் பற்றிச் சொல்கிறேன். பனித்துளி ஒளியலையைவிட மிகப் பெரியது. அதனால் மஞ்சள் பனியைத் துளைத்துப் போகும் என்பது சரியல்ல. எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரேபோலத்தான் சிதறும். நீலம் குறைந்த ஒளியில் கண் கூசுவது குறைகிறது என்று ஓட்டுநர்கள் பலர் சொல்வது உண்மை. ஆகவே 35 வாட்டிலேயே மஞ்சள் போட்டுப் பார்க்கலாம், வெளிச்சம் கொஞ்சம் குறையும். நீலம் பாய்ந்த வெள்ளை மட்டும் வேண்டாம்.

அதைவிட முக்கியம் விளக்கு நோக்கும் திசை. சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் நடு உயரத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். சரக்கு ஏற்றிய நிலையில் பாருங்கள். பின்பக்கம் அமுங்கினால் முன்விளக்கு மேலே தூக்கும்.

பாவூர்சத்திரம் வண்டிக்காரன்:
பார்த்துவிட்டேன். பேட்டரியில் 13.8, சாக்கெட்டில் 12.3. சரக்கோடு நிறுத்தினால் வெளிச்சம் விளக்கு உயரத்துக்கும் மேலே ஏறியிருக்கிறது.

தென்காசி எலக்ட்ரீஷியன்:
உங்கள் வெளிச்சம் அந்த ஒன்றரை வோல்ட்டில்தான் போகிறது அண்ணாச்சி. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒரு ரிலே போடுங்கள், அது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்; அதன் முனைகளில் எண் இருக்கும். பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து ரிலேயின் 30ஆம் எண் முனைக்கு ஒயர் கொண்டுவாருங்கள், 87லிருந்து விளக்குகளுக்கு. பழைய ஒயர் 86இல் சுவிட்ச் வேலை மட்டும் செய்யட்டும், 85 எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடலுக்கு. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஆறு ஆம்பியர்தான், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளம். விளக்கின் எர்த் முனையையும் சுரண்டித் துருவை எடுத்து இறுக்குங்கள். பாதி இழப்பு அங்கேதான் இருக்கும்.

பல்புக் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். கூட்டின் பின்னால் உள்ள சிறு மூச்சுத் துளையைத் தண்ணீர் புகும் என்று சிலிக்கான் வைத்து அடைத்துவிடாதீர்கள். சூடாக இருக்கும்போது விளக்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பாவூர்சத்திரம் வண்டிக்காரன்:
எர்த் போல்ட்டைக் கழற்றினேன், பச்சை பூத்திருந்தது. தேய்த்து இறுக்கியதும் சாக்கெட்டில் 13.0 வந்துவிட்டது. ரிலே வேலையை ஞாயிறு சந்தை விடுமுறையில் பார்க்கிறேன். கூட்டில் கைவைக்கவில்லை. நன்றி அண்ணாச்சி.