முறைப்பாடு சொல்லும் பெண்கள் எல்லாம் 'சறோ அன்ரி'யா? இதை எப்படி நிறுத்துவது?

உப்புவெளிக்காரி:

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன விடுதியில் முன்மேசை வேலை எனக்கு. ஆடி, ஆவணி வந்தால் மூச்சு விட நேரமிருக்காது. வெள்ளைக்காரர் பாதி, கொழும்பு ஆட்கள் கொஞ்சம். மிச்சமெல்லாம் கனடா, லண்டன், சுவிஸில் இருந்து பிள்ளைகளோடு வந்து, காலையில் கோணேசர் கோயில், மத்தியானம் கன்னியா வெந்நீர்க் கிணறு, பின்னேரம் கடல் என்று ஓடுகிற நம் சனம்.

எங்கள் வேலையாட்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. எந்த அறை காலி, எங்கே துவாய் மாற்ற வேண்டும் என்று போடத்தான் தொடங்கினோம். போன வருடம் ஒரு பெடியன் அதில் 'கேரன்' மீம் ஒன்றைப் போட்டான். கட்டையாக வெட்டிய மஞ்சள் முடியோடு "மனேஜரைக் கூப்பிடு" என்று கத்துகிற வெள்ளைக்கார அம்மா, தெரிந்திருக்கும். "எங்கட ஊர்க் கேரனுக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்று ஒருத்தன் கேட்க, இன்னொருத்தன் "சறோ அன்ரி" என்றான். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. இப்போது "மூண்டாம் அறைக்கு ஒரு சறோ வந்திறங்கியிருக்கு", "சறோ அலேர்ட்", "இவ சின்னச் சறோ, பிரச்சினை இல்லை" என்று நாள் முழுக்க அதே கதைதான்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி நடப்புக் காட்டுகிற ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள். "கனடாவில இப்பிடியொரு துவாயை நாய்க்கும் போடமாட்டம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்ன அன்ரி இருக்கிறார். காலையில் காகம் கத்துகிறது, ஏதாவது செய் என்று கேட்டதும் அவர்தான். காகத்துக்கு நான் என்ன செய்வது?

ஆனால் எங்கள் விடுதியில் அறை துப்புரவு செய்கிற அக்காவின் பெயரும் சறோ. சாம்பல்தீவில் இருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். அவரிடம் பட்டன் போன்தான், அதனால் குழுவில் இல்லை. ஒருநாள் குசினி வாசலில் நின்று ஒருத்தன் "சறோ வந்திட்டா, சறோ வந்திட்டா" என்று சத்தம் போட, இவர் ஈரக் கையைச் சட்டைக் கரையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து "என்ன தம்பி, கூப்பிட்டனியளோ?" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏன் என்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. முறைப்பாட்டுக் கொப்பி எழுதுவது நான்தான். ஆண்களும் குறை சொல்லாமல் இல்லை. ஒருவர் அறைத் திறப்பை மேசையில் எறிந்த வேகத்தில் அது உருண்டு என் காலடியில் விழுந்தது. அவரைப் பற்றிக் குழுவில் வந்தது "ஏழாம் நம்பர் சேர் கொஞ்சம் சூடு, கவனம்". சேருக்குப் பட்டம் இல்லை. ஏசி வேலை செய்யவில்லை என்று மெதுவாகச் சொன்ன ஒரு ரீச்சர் அம்மா மட்டும் சறோ.

சொல்லிப் பார்த்தேன். "அக்கா, பகிடி விளங்காதோ?" என்கிறார்கள். முதலாளியிடம் போனால் ஏச்சு விழும், பிறகு இரவு பத்து மணி வரை நான் அவர்களோடுதான் நிற்க வேண்டும். என்ன சொல்லி நிறுத்தலாம்? அல்லது விட்டுவிடலாமா?

புறாமலைப் படகு:

அக்கா, குறை நினைக்காதேங்கோ, நான் பெடியன்களின் பக்கம். நிலாவெளியில் இருந்து புறாமலைத் தீவுக்குப் படகில் ஆட்களை ஏற்றி இறக்குகிறேன். அது தேசியப் பூங்கா, முருகைக்கல்லில், அதுதான் பவளப்பாறையில், மிதிக்க வேண்டாம் என்று கரையிலேயே சொல்லித்தான் ஏற்றுவோம். போய் இறங்கியதும் அதிலேயே ஏறி நின்று செல்ஃபி. ஒரு துண்டை உடைத்துப் பையில் வைத்த அன்ரியிடம் "அது குற்றம், பிடிபட்டால் தண்டம்" என்றேன். "நான் டிக்கெட்டுக்கு எவ்வளவு குடுத்தனான் தெரியுமோ?" என்றார். வாடிக்கையாளர், திருப்பிக் கதைக்க ஏலாது. பின்னேரம் கரையில் பிளேன்டீ குடிக்கும்போது ஒரு பேர் சொல்லிச் சிரித்தால்தான் அடுத்த நாள் வேலைக்கு வர மனம் வரும். அதையும் பறிக்கப் பார்க்காதேங்கோ.

உவர்மலை வாத்தியார்:

பிள்ளை, படகுத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சிரிப்பு எங்கே தொடங்கியது என்று தெரிந்தால் பெடியன்களோடு கதைக்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

அமெரிக்காவில் கேரன் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட பெயர். 1965இல் பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் மூன்றாம் இடம். அந்தப் பிள்ளைகள் ஐம்பது வயதைத் தாண்டிய காலத்தில்தான் மீம் பரவியது. ஆக, அந்தப் பெயரைச் சொன்னாலே வயது தெரிந்துவிடும். நம் சறோவும் அப்படித்தான். நான் படிப்பிக்கத் தொடங்கிய நாளில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தாய்மார் பாதிப் பேர் சரோஜினி, சரோஜாதேவி. நான் ஓய்வு பெறும்போது வகுப்பு இடாப்பில் அப்படி ஒரு பிள்ளை இல்லை. உங்கள் பெடியன்கள் தங்கள் அம்மாக்களின் தலைமுறையைக் கூப்பிட்டு நக்கலடிக்கிறார்கள். அது அவர்களுக்கு உறைத்ததோ தெரியாது.

இனி முக்கியமான கதை. கேரனுக்கு முன்பே 2018இல் 'பாபிக்யூ பெக்கி', 'பெர்மிட் பட்டி' என்று பெயர்கள் வந்தன. ஓக்லண்டில் ஏரிக்கரையில் இறைச்சி சுட்ட கறுப்பின ஆட்களைப் பற்றிப் பொலிசுக்குப் போன் அடித்த வெள்ளைக்காரப் பெண் முதலாவது. சான் பிரான்சிஸ்கோவில் வீதியோரம் தண்ணீர்ப் போத்தல் விற்ற எட்டு வயதுக் கறுப்பினச் சிறுமியைப் பற்றி முறையிட்டவர் மற்றவர். 2020 மே 25 அன்று நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்க்க வந்த ஒரு கறுப்பினத்தவர், நாயைக் கட்டச் சொல்லி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் கேட்டார். அந்த இடத்தில் நாயைக் கட்டித்தான் வைக்க வேண்டும், விதி அது. அந்தப் பெண் உடனே பொலிசுக்கு அடித்து, ஓர் ஆபிரிக்க அமெரிக்கர் தன்னை மிரட்டுகிறார் என்றார். அவருக்கு ஒட்டிய பெயர்தான் கேரன். மினியாபொலிஸில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் பொலிசின் முழங்காலுக்குக் கீழே செத்ததும் அதே நாள். பொலிசுக்கு ஒருவர் மேல் சொல்லிக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நம் ஊராருக்கு விளக்கத் தேவையில்லை.

அங்கே அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள் தங்களைப் பிடித்துக் கொடுக்கக்கூடியவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அடிமைக் காலத்தில் கறுப்பினத்தவர் வெள்ளைக்கார எசமானிக்கு வைத்த 'மிஸ் ஆன்' என்ற பெயர் தொடக்கம் வருகிற வழக்கம் அது. சான் பிரான்சிஸ்கோ நகரசபை 2020 ஒக்டோபரில் சட்டமே போட்டது: இனத்துவேசத்தால் பொய்யாகப் பொலிசைக் கூப்பிட்டால் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம். அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தாலும் 'கேரன்' என்றுதான் வரும், வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள்.

பிறகு அது கைமீறிப் போனது. கோப்பி ஆறிவிட்டது என்றவளும் கேரன், முடியைக் கட்டையாக வெட்டியவளும் கேரன். 2020இல் அங்கே அந்தப் பெயர் எண்ணூறாம் இடத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. உங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தது இந்தக் கடைசிக் கட்டம்தான். யாரையும் பிடித்துக் கொடுக்க முடியாத, அறை துப்புரவாக்கிச் சம்பளம் வாங்குகிற ஒருவரின் பெயரை எடுத்து, கனடாக் காசோடு வருகிறவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். படகுத் தம்பி, காசுள்ளவர்களைச் சிரிக்கிறோம் என்று நினைக்கிறீர்கள். அடி விழுவது துப்புரவு அக்காவுக்கு.

டோட்முண்ட் தமிழன்:

ஜெர்மனியில் இதே கதை ஆண் பெயரில் நடந்தது. 1991இல் இங்கே ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் கெவின். படிக்காத, வசதியில்லாத குடும்பத்துப் பெயர் என்று பிறகு முத்திரை விழுந்தது. 2009இல் ஓல்டன்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். கெவின், மண்டி, ஷன்டால் என்ற பெயர்களைக் கண்டாலே பிள்ளை குழப்படி என்று நினைக்கிற ஆசிரியர்கள் நிறையப் பேர். ஒரு ஆசிரியர் அதில் எழுதிய வரி இங்கே எல்லாருக்கும் பாடம்: கெவின் என்பது பெயரல்ல, நோயின் பெயர் என்ற மாதிரி. என் அக்கா மகன் கெவின். வடிவான பெயர், வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு பிள்ளையாக இருக்கட்டும் என்றுதான் அத்தான் தேடி வைத்தார். அவன் இப்போது வேலைக்கு விண்ணப்பம் போடும்போது தமிழ்க் குடும்பப் பெயரை விட முதற்பெயருக்குத்தான் பயப்படுகிறான்.

கிண்ணியா ராத்தா:

நான் வாப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். எங்கே என்று சொல்லவில்லை. நம்பர் துண்டு கையில் இருக்கிறது, எங்கள் நம்பரைத் தாண்டி இரண்டு பேரை உள்ளே விட்டுவிட்டார்கள். வாப்பாவுக்கு நிற்க ஏலாது, கதிரையும் இல்லை. வாசலில் இருந்தவரிடம் போய் "நம்பர்படி விடுங்க" என்றேன். சத்தமாகக்கூட இல்லை. பின்னால் நின்ற ஒரு பெடியன் "இந்தா கேரன் தொடங்கிட்டா" என்றான், நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பேர் என்னவென்றே தெரியாது, வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டுத்தான் விளங்கியது. சிரித்தவர்களின் நம்பரும் தாண்டித்தான் போயிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் நல்ல மனுசி, வாய் திறந்தால் அன்ரி. தங்கச்சி, விட்டுவிடாதீங்க.

உப்புவெளிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சேர் எழுதியதைக் குழுவில் அப்படியே போடலாம் என்று நினைத்தேன், இவ்வளவு நீளத்துக்கு அவன்கள் வாசிக்க மாட்டான்கள். அதனால் வேறு ஒன்று செய்தேன். இனிமேல் குழுவில் ஆளைப் பற்றி எழுத வேண்டாம், அறை நம்பரும் குறையும் மட்டும் போடுங்கள், கொப்பியில் ஏற்ற எனக்கு லேசு என்றேன். வேலைக் காரணம் சொன்னால் யாரும் எதிர்த்துக் கதைப்பதில்லை.

முதல் இரண்டு நாள் நக்கல்தான். "மூண்டு: காகம்" என்று வந்தது. அப்புறம் "ஆறு: சுடுதண்ணி இல்லை" என்று வர, கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். முந்தியும் அதே அறை, அதே குறை. அப்போது குழுவில் ஓடியது "ஆறாம் நம்பர்ச் சறோவுக்குக் கடல்ல குளிக்க வந்தும் சுடுதண்ணி வேணுமாம்" என்ற பகிடி மட்டும்தான். திருத்துகிறவரைக் கூப்பிட்டோம். ஹீட்டருக்குள் உப்பும் ஊத்தையுமாகக் கல்லுப் போலப் படிந்து கிடந்தது. கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர், வேறென்ன வரும்.

பெயர் வைத்த பெடியன் இன்று கேட்டான்: "அப்ப அந்தத் துவாய் அன்ரியை என்னெண்டு எழுதுறது?" "மூன்று: துவாய் பிடிக்கவில்லை" என்றேன். "அதில பகிடி ஒண்டுமில்லையே அக்கா" என்றான். இல்லைதான். சறோ அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

படகுத் தம்பிக்கு: கரையில் பிளேன்டீயோடு நீங்கள் சிரிப்பதை யாரும் பறிக்கவில்லை. முருகைக்கல் உடைத்தவரை "முருகைக்கல் உடைச்சவ" என்று சொல்லியே சிரிக்கலாம், செய்ததும் அதுதானே.

புறாமலைப் படகு:

சரி அக்கா, பார்ப்பம். உங்கட துவாய் அன்ரி குடும்பம் நாளைக்கு என் படகில்தான் வருகிறார்கள். கல்லில் ஏற வேண்டாம் என்று இப்பவே சொல்லி அனுப்புங்கோ. லைஃப் ஜக்கெட் மணக்குது என்றும் கட்டாயம் தொடங்குவா.

உப்புவெளிக்காரி:

சொல்லி அனுப்புகிறேன். ஜக்கெட்டை இன்றைக்கே கழுவிக் காயப் போடுங்கோ தம்பி. போன கிழமை உங்களோடு வந்த ஏழாம் நம்பர் சேரும் அதைத்தான் சொன்னவர்.